தாழ்ப்பாள் இல்லாத வீடு

அந்தப் பையில மட்டும் கால் வச்சிராதம்மா. உள்ள இரும்பு கிடக்கு, இடிச்சா நகம் பேந்துரும். மடியில வச்சிக்கிடலாம்னா கனம் தாங்கல. மேல வச்சா யாரு தலையிலயாவது விழுந்து அது ஒரு சண்டை. கீழயே கிடக்கட்டும். நீ கொஞ்சம் சன்னல் பக்கம் ஒதுங்கிக்கோ. ஆங், போதும்.

தென்காசிக்கா போற? நான் பாவூர்சத்திரத்துல எறங்கணும். அங்கயிருந்து உள்ள ஒரு ஊரு, ஆட்டோ போகுமாம். கண்டக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். ஆனா அவனைப் பாத்தா நம்பிக்கை வரல, செல்லைப் பாத்துக்கிட்டே டிக்கெட் கிழிக்கான். சத்திரம் வந்தா நீயே ஒரு குரல் குடு.

சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் இல்ல. எங்க பழைய ஐயரம்மாவைப் பாக்கப் போறேன். ஐயர்னா பூணூல் போட்டவங்கன்னு நெனச்சிராத. நீ பொட்டு வச்சிருக்க, ஒனக்குத் தெரியாது, சொல்லுதேன். எங்க சபையில பாதிரியாரை ஐயர்னுதான் சொல்லுவோம். அவரு வீட்டம்மா ஐயரம்மா. எனக்கு மகள் வயசு. ஆனாலும் நான் அம்மான்னுதான் கூப்பிடணும். அவிய என்னை அக்காம்பாவ. அது அப்பிடித்தான்.

ஆசையிலயா போறேன்? கோவத்துல போறேன். போய் நறுக்குன்னு நாலு கேள்வி கேட்டுட்டு சாயங்கால பஸ்ஸுலயே திரும்பிருவேன். ஒரு மனுசியை எவ்வளவு தாங்கணுமோ அவ்வளவு தாங்கினோம். கடைசியில எம் முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாவ. நீயே கேளு, கேட்டுட்டு நியாயம் சொல்லு.

ஆசீர்விளையில கனகபாய்னு கேட்டா சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு நான்தான் செயலாளர். போன தேர்தல்ல அன்னப்பழம் எதிர்த்து நின்னா, அவ சித்தி மகளே அவளுக்குக் கை தூக்கல. விடு, அது வேற கதை. ஐயர் குடியிருக்கிற வீட்டுக்குக் குருமனைன்னு பேரு. சபை கட்டினது. சன்னல் கம்பி எங்க வீட்டுல அவிய, எம் புருசன், உயிரோட இருக்கும்போது வாங்கிக் குடுத்தது. பக்கத்து வீடு என் வீடு. அதனால பின்வாசல் சாவி ஒண்ணு எப்பவும் எங்கிட்ட இருக்கும். எந்த ஐயர் வந்தாலும் அப்பிடித்தான். நம்ம கட்டுன வீட்டுக்குள்ள நம்ம போறதுக்கு யாரைக் கேக்கணும்?

இந்த ஐயரம்மா ஹெப்சிபா வந்த புதுசுல எப்பிடி இருந்தாவ தெரியுமா? கோயில்ல பாட ஆரம்பிச்சா வெளிய சைக்கிள்ல போறவன் ஒரு காலை ஊனி நின்னு கேட்டுட்டுப் போவான். சிரிச்ச முகம். ஐயரும் தங்கமான மனுசன். அவருக்கு எங்க கோயிலு போக இன்னும் மூணு சின்னக் கோயிலு உண்டு, பைக்குல சுத்திக்கிட்டே இருப்பாரு. பிள்ளை இல்ல, ஆனா அதுக்காக அழுத மாதிரியும் தெரியல. அப்பிடி இருந்த மனுசி கொஞ்சங் கொஞ்சமா பாடுறதை நிறுத்தினாவ. அப்புறம் கோயிலுக்கு வாரதை நிறுத்தினாவ. தலைவலின்னு ஐயர் சொல்லுவாரு. எத்தனை வாரத்துக்குத் தலைவலி?

ஒரு நாள் முருங்கைக்காய் குடுக்கப் பின்வாசல் வழியாப் போறேன். அடுப்புப் பத்த வைக்கல. அம்மா அடுக்களைத் தரையில, நேத்துக் கட்டின சேலையோட சுவத்துல சாஞ்சி உக்காந்திருக்காவ. என்னம்மான்னேன். ஏறிட்டுப் பாத்தாவ. சொன்னாவ, “கனகபாய் அக்கா, எனக்கு எதுவுமே முடியல. ராத்திரி படுத்தா காலையில முழிக்காமலே இருந்துட்டா நல்லாயிருக்கும்னு தோணுது. ஏன்னு எனக்கே தெரியல. யார்கிட்டயும் சொல்லிராதீங்க அக்கா.”

அந்த வார்த்தை சாதாரண வார்த்தை இல்லம்மா. அதைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு திங்க முடியுமா?

நான் யார்கிட்டயும் சொல்லல. சத்தியமா சொல்லல. வெள்ளிக்கிழமை சங்கத்துல ஜெபக்குறிப்பாத்தான் சொன்னேன். ஜெபக்குறிப்பு வேற, சொல்லுறது வேற. இன்னாருக்கு இன்ன கஷ்டம், எல்லாரும் ஜெபம் பண்ணுங்கன்னு எந்திரிச்சி நின்னு சொல்லுவோம். பேரு சொல்லணும்ல? பேரு சொல்லாம எப்பிடி ஜெபிக்க? அழுதுக்கிட்டேதான் சொன்னேன். எல்லாவளும் அழுதாளுவ. ஞாயித்துக்கிழமை ஆம்பளைக் கூட்டத்துக்கும் தெரிஞ்சி போச்சு. அன்பு இருக்கிற சபைன்னா அப்பிடித்தான் பரவும்.

அன்னைக்கே நான் முறை போட்டேன். காலைக்கு ஒருத்தி, மத்தியானத்துக்கு ஒருத்தி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒருத்தி. ஐயரம்மாவை ஒரு நிமிசம் தனியா விடக்கூடாது. வாறவ சோறு கொண்டாரணும், ஒரு வசனம் வாசிக்கணும், ஜெபம் பண்ணணும், அடுத்தவ வந்த பெறகுதான் எந்திரிக்கணும். என்ன வேலை இருந்தாலும் சரி. சொல்லக் கூடாது, எங்க ஊருப் பொம்பளைங்க மாதிரி இந்தப் பக்கம் எங்கயும் கிடையாது. ஒருத்தி கூட முறை தப்பல. பீடி சுத்துறவ தட்டைத் தூக்கிக்கிட்டு அங்கயே வந்து சுத்தினா. பால் கறக்கப் போறவ கன்னுக்குட்டியை அவுத்துட்டு ஓடி வந்தா.

சோறுன்னா சோறு! கோழிக் கொழம்பு, கருவாடு, உளுந்தங்கஞ்சி, அப்பம். மேசை கொள்ளாம தூக்குவாளியா நிக்கும். அவிய ஒரு வாய் திம்பாவ. நாங்க சுத்தி உக்காந்து, இன்னொரு வாய், எனக்காக ஒரு வாய்ம்போம்.

பேசவும் செய்வோம். சும்மா உக்காந்தா நல்லாவா இருக்கு? அன்னப்பழம் சொல்லுவா, “ஒங்களுக்கு என்னம்மா குறை? எங்க நாத்தனாருக்கு ரெண்டு காலும் விளங்காது, அவ படுக்கையில கிடந்து பாட்டுப் பாடுதா.” இன்னொருத்தி, பிள்ளை இல்லாத ஏக்கந்தான்னு ஏரல்ல ஒரு வைத்தியர் பேரு சொல்லுவா. ஒருத்தி, விசுவாசம் கொறைஞ்சா இப்பிடித்தான் இருட்டு வந்து அடையும், வாய் விட்டுத் துதிச்சா ஓடிரும்பா. அம்மா எல்லாத்துக்கும் சரிக்கா, சரிக்காம்பாவ. முந்தானையைத் தலைவரைக்கும் இழுத்துப் போட்டுக்கிட்டு உள்ள இருப்பாவ. கூச்சம்னு நெனச்சேன்.

ஐயர் பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயி மனசுக்குப் பாக்கிற டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்தாரு. மாத்திரை குடுத்தாங்க. அன்னப்பழம், ஐயர் வீட்டுலயே மாத்திரையான்னு மொகத்தைச் சுளிச்சா. நான் விடல. ஒன் சர்க்கரைக்கு நீ மாத்திரை முழுங்கலையா, அப்ப ஒன் விசுவாசம் எங்க போச்சுன்னு கேட்டேன். அந்த மாத்திரையை எங்க வீட்டு அலமாரியில வச்சி, வேளா வேளைக்கு நானே கொண்டுபோய்க் குடுப்பேன். முழுங்கிட்டு வாயைத் தொறந்து காட்டணும். சின்னப் பிள்ளை மாதிரி காட்டுவாவ, பாவம்.

அரிவாள்மணையை எங்க வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன். கெணத்துக் கயிறை அவுத்துட்டேன். எல்லாத்தையும் யோசிச்சிச் செஞ்சேம்மா. எனக்குத் தெரியும் எங்கெங்க பாக்கணும்னு.

எப்பிடித் தெரியும்னு கேக்கியா? தெரியும். வயசாயிட்டுல்ல. வேர்க்கடலை வாங்கிக்கிடுதியா? வேண்டாமா? இந்த ஆலங்குளத்துக்காரன் வறுக்காமலே விப்பான், வாங்காம இருந்ததே நல்லது.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங். ஒரு நாள் மத்தியானம் என் முறை. போனா அம்மாவைக் காணல. குளிக்கிற ரூம் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கு. கொழாத் தண்ணி விழுற சத்தம் மட்டும் கேக்கு. அம்மான்னேன். பதில் இல்ல. தட்டினேன். அம்மா, அம்மான்னு கத்தினேன். கத்தின கத்துல தெருவே கூடிட்டு. முன்வீட்டுக்காரன் வந்து தோளால இடிச்சிக் கதவைப் பேத்துட்டான். பாத்தா, கவுத்துப் போட்ட வாளி மேல உக்காந்திருக்காவ. சேலை கட்டித்தான் இருந்தாவ, நல்லவேளை. தண்ணி பாட்டுக்கு ஓடுது. அம்மா எங்க எல்லாரையும் ஒருத்தர் ஒருத்தரா பாக்காவ.

“இவ்வளவு நேரம் உள்ள என்னம்மா செய்தீங்க?”ன்னேன்.

“அழுதேன் அக்கா. இங்கதான் யாரும் இல்ல”ன்னாவ.

அன்னைக்குச் சாயங்காலமே தங்கராசு ஆசாரியைக் கூட்டிட்டு வந்து, குருமனையில உள்பக்கம் எத்தனை தாழ்ப்பாள் உண்டோ அத்தனையையும் கழத்திட்டேன். குளிக்கிற ரூம், படுக்கிற ரூம், அடுக்களை, எல்லாம். ஐயருக்கும் பயம், தலையாட்டிட்டாரு. அம்மா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாவ. ஆசாரி ஆணியைப் பிடுங்கும்போது ஒவ்வொண்ணுக்கும் கண்ணைச் சிமிட்டுனாவ. அந்தத் தாழ்ப்பாள்தான் இந்தப் பையில கிடக்கிறது.

ஏன், அதுல என்ன தப்பு? எங்க வீட்டுலயும் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. வருசம் எவ்வளவோ ஆச்சு. ஆடிக்காத்துல கதவு எல்லாம் பாட்டுக்கு அடிச்சிக்கிட்டுக் கிடக்கும். நான் இருக்கல? வாசக்கதவுக்கு ராத்திரி உரலை நகத்தி வச்சிட்டுப் படுத்துக்கிடுவேன். களவாணி வந்தா வரட்டும், எங்கிட்ட என்ன இருக்கு?

எனக்கு ஒரே மகன். ஜெயசிங். காலேஜு முடிச்சிட்டு வீட்டுல இருந்தான். காய்ச்சல்ல போயிட்டான். ஆமா, காய்ச்சல். அதுக்கப்புறம் எங்க வீட்டுல அவியளும் ரொம்ப நாள் தாங்கல. அதை விடு.

பெறகு லெந்து வந்துது. அது எங்களுக்கு ஈஸ்டருக்கு முந்தின தபசுக் காலம். நாப்பது நாளும் கறி மீனு தொடமாட்டோம், ஜெபம் ஜாஸ்தி. அப்ப ஒரு நாளு என் முறை ஒண்ணு வீணாப் போச்சு. அதை யார்கிட்டயும் சொல்லல, நீ யாருன்னு தெரியாததுனால ஒங்கிட்ட சொல்லுதேன்.

அது எம் மகன் போன நாளு. காலையிலயே எனக்குச் சரியில்ல. ஆனா முறை என்னது, நானே போட்டுட்டு நானே தப்பலாமா? வேதபுத்தகத்தை இடுக்கிக்கிட்டுப் போனேன். என்ன வாசிக்கணும்னு தாள் மடிச்சி வச்சிருந்தேன். பின்வாசல் வழியா நுழைஞ்சா அடுக்களையில யாரோ ஒருத்தி கொண்டு வந்து வச்ச பலாக்கொட்டை அவியுது. அந்த வாசனை. அவனுக்கு அவிச்ச பலாக்கொட்டைன்னா உசுரு. சட்டைப்பையில போட்டுக்கிட்டுத் திரிவான், தொவைக்கும்போது எல்லாம் தோலாக் கிடக்கும். எனக்கு என்ன ஆச்சோ தெரியல. தரையில உக்காந்துட்டேன். ஓன்னு வந்துட்டு. ஜெபம் பண்ண வந்தவ அப்பிடி அழலாமா?

அம்மா எந்திரிச்சி வந்து எம் பக்கத்துல தரையில உக்காந்தாவ. என்னன்னு கேக்கல. அழாதீங்கன்னும் சொல்லல. தோளு தோளோட ஒட்டுற மாதிரி உக்காந்தாவ, அவ்வளவுதான். எவ்வளவு நேரம்னு தெரியல, பலாக்கொட்டைத் தண்ணி வத்திக் கரிஞ்ச வாடை வந்துட்டு. அதுக்கும் எந்திரிக்கல.

அப்புறம் கேட்டாவ, “பையன் பேரென்ன அக்கா?”

ஊர்ல அவன் பேரை யாரும் கேட்டதும் இல்ல, சொன்னதும் இல்ல. ஜெயசிங்னு சொன்னேன். சொன்ன வாயி நிக்கல. எல்லாத்தையும் சொல்லிட்டேன். காய்ச்சல் இல்லம்மா. ஒங்கிட்டயும் பொய்தான் சொன்னேன், மனசுல வச்சிக்காத. அவனாவே போயிட்டான். முந்தின ரெண்டு மாசமா வெளிய வரமாட்டான், சாப்பிடமாட்டான். அன்னைக்கு நான் கதவைத் தட்டினேன். “தூக்கம் வருதும்மா, போங்க”ன்னான். நான் சங்கக் கூட்டத்துக்குப் போயிட்டு வந்தேன். வந்து பாத்தா கதவு தாழ் போட்டபடியே இருக்கு.

எல்லாத்தையும் கேட்டாவ. கேட்டுட்டு ஒரு வசனமாவது சொல்லியிருக்கலாம், ஐயரம்மாதானே? “அவனுக்கு ரொம்ப அசதியா இருந்திருக்கும் அக்கா. ஒங்க மேல கோவமா இருந்திருக்காது. அந்த அசதியில யார் மேலயும் கோவப்பட முடியாது”ன்னாவ. அது என்ன ஆறுதலு? ஆனா அவிய சொல்லும்போது, அந்த வீட்டுக்குள்ள போயிட்டு வந்தவங்க வழி சொல்லுற மாதிரி இருந்துது.

பெறகு எந்திரிச்சி கருப்பட்டிக் காப்பி போட்டாவ. எத்தனையோ மாசத்துக்குப் பெறகு அன்னைக்குத்தான் அவிய கையால அடுப்புப் பத்துனது. ரெண்டு பேரும் குடிச்சோம். நான் வீட்டுக்கு வந்து பாத்தா வேதபுத்தகம் தொறக்காமலே இருக்கு. ஒரு ஜெபம் பண்ணல, ஒரு வசனம் வாசிக்கல. முழுசா ஒரு முறை வீணு. சங்கத்துல கேட்டதுக்கு, பண்ணினேன்னு சொல்லிட்டேன்.

நல்லவேளை, அதுக்கடுத்த வெள்ளிக்கிழமை நாங்க எல்லாரும் உபவாசம் இருந்து ஜெபிச்சோம். அதுல இருந்துதான் அம்மாவுக்குத் தெளிய ஆரம்பிச்சுது. தலை சீவினாவ. ஐயருக்கு அவியளே சோறு வடிச்சாவ. மாத்திரையை அவியளே வச்சிக்கிடுதேன்னு சொன்னாவ, ஐயரும் குடுத்துருங்கன்னாரு, குடுத்துட்டேன். உபவாச ஜெபத்துக்கு அவ்வளவு பலன், பாத்துக்கோ. கொஞ்சம் முந்தியே அம்மாவுக்கு மொகம் தெளிஞ்ச மாதிரி இருந்துதுன்னு அன்னப்பழம் சொல்லுதா. அவளுக்கு என்ன தெரியும்?

இப்ப வாரேன் விசயத்துக்கு. என் வயித்தெரிச்சலுக்கு.

ஈஸ்டர் அன்னைக்கு விடியக்காலம் எங்க ஊர்ல எல்லாரும் மெழுகுவர்த்தியோட கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். அவங்கவங்க வீட்டுக் கல்லறையில ஏத்தி வச்சிட்டுப் பாடுவோம். நான் எங்க வீட்டுல அவிய கல்லறையில ஏத்துவேன். மகனுக்கு ஏத்த மாட்டேன். அவன் அங்க இல்ல. அப்பிடிப் போனவங்களுக்கு அந்தக் காலத்துல எங்க கோயில்ல மணி அடிக்கமாட்டாவ. அடக்கமும் மதிலோரம், முள்ளு மண்டின மூலையில. சிலுவை வைக்கப்படாது. நான் ஒரு செங்கலை அடையாளத்துக்கு நட்டு வச்சிருந்தேன். அங்க போகவும் மாட்டேன். ஊருக்குத் தெரியாம இல்ல, ஆனா காய்ச்சல்னு நான் சொன்னதை எல்லாரும் அப்பிடியே விட்டுட்டாவ; போனா எல்லாரும் பாப்பாங்கல்ல.

அந்த ஐயரம்மா, வீட்டை விட்டே வராத ஐயரம்மா, அன்னைக்கு வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு வந்தாவ. கையில ஒரு வத்தி. நாங்க எல்லாம் பாத்துக்கிட்டே இருக்கோம். பெரிய பெரிய சலவைக்கல்லு கல்லறை எல்லாத்தையும் தாண்டினாவ. முள்ளை ஒரு கையால ஒதுக்கினாவ. அந்தச் செங்கலு கிட்டக் குனிஞ்சி வத்தியை நட்டுட்டு, நின்னாவ. பாட்டு பாதியில நின்னு போச்சு. அப்புறம் அவியளே பாடினாவ. ஒத்தையில. எத்தனை மாசத்துக்குப் பெறகு அந்தக் குரலு!

எனக்கு எப்பிடி இருந்திருக்கும் சொல்லு? நான் நம்பிச் சொன்னேன். அவியகிட்ட மட்டும் சொன்னேன். அதை ஊரு முன்னால வெளிச்சம் போட்டுக் காட்டலாமா? ஒரு மனுசி நம்பிச் சொன்னதை அடுத்தவங்களுக்குத் தெரிய வைக்கிறது எவ்வளவு பெரிய துரோகம்! நல்லெண்ணத்துல செஞ்சேன்னு சொல்லுவாவ. நல்லெண்ணம் இருந்தாப் போதுமா? கேட்டுட்டுல்லா செய்யணும்?

ஏம்மா என்னைய அப்பிடிப் பாக்க?

அதோட முடிஞ்சிதா? அடுத்த நாளு காலையில அன்னப்பழம் தூக்குவாளியோட வந்து நிக்கா. “இத்தனை வருசமா மனசுக்குள்ள வச்சிப் புழுங்கினியேக்கா”ன்னு கட்டிப் பிடிச்சா. மத்தியானம் வேறொருத்தி. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வேறொருத்தி. என்னட்டின்னு கேட்டா, முறைங்காளுவ. நான் போட்டுக் குடுத்த அதே முறை! கதவைத் தட்டவா செய்யுதாளுவ? தள்ளினா தொறக்கும், தாழ்ப்பாள்தான் இல்லையே. குளிச்சிக்கிட்டு இருந்தா வெளிய நின்னு அக்கா, அக்கான்னு சத்தங் குடுப்பாளுவ. பதில் சொல்லிக்கிட்டேதான் தண்ணி ஊத்தணும். எங்க வீட்டு அரிவாள்மணையை அன்னப்பழம் தூக்கிட்டுப் போயிட்டா. எனக்குக் கீரை அரியணும்னா அவ வீட்டுக்குப் போகணும். சுத்தி உக்காந்து இன்னொரு வாய், இன்னொரு வாய்ங்காளுவ. நான் முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஐயரம்மாவுக்கு நோய், சரி. எனக்கு என்ன கேடு? ரெண்டும் ஒண்ணா?

ஒருத்தியும் எங்கிட்ட அவன் பேரைக் கேக்கலம்மா. அந்தத் துக்கம், அந்தக் காரியம்னு சொல்லுதாளுவ. பேரு ஒருத்தி வாயிலயும் வரல.

ஒரு நாள் இந்தத் தாழ்ப்பாள்ல ஒண்ணை எடுத்து எங்க வீட்டு ரூம் கதவுல வச்சிப் பாத்தேன். ரெண்டு ஆணி அடிச்சாப் போதும். ஆசாரியைக் கூப்பிடப் பயம். கனகபாய் அக்கா தாழ்ப்பாள் போடுதாளாம்னு அன்னப்பழத்துக்குத் தெரிஞ்சா போதும், சபையே திரண்டு வந்து வாசல்ல நிக்கும். நானே சுத்தியலை எடுத்தேன். சத்தம் கேக்குமேன்னு வச்சிட்டேன். எம் வீட்டுல ஒரு ஆணி அடிக்க எனக்கு வழி இல்ல.

அதுக்குள்ள ஐயருக்கு மாத்தல் வந்துட்டு. அவரே கேட்டு வாங்கினாருன்னு பேச்சு. வழியனுப்பு விழா அன்னைக்கு ஊரு முழுக்க கோயில்ல. எனக்கு முறை வாறவளும் அங்கதான். நான் போகல. கோவம். எங்க வீட்டு முன் ரூம்ல சுவத்தைப் பாத்துப் படுத்துக் கிடந்தேன். வாசக்கதவு லேசா சாத்தியிருக்கு, காத்துக்கு ஆடுது.

வாசல்ல வளையல் சத்தம். “கனகபாய் அக்கா, உள்ள வரலாமா?” அவியதான்.

நான் பேசல. வேணும்னேதான் பேசல. தூங்குறவ மாதிரி கிடந்தேன். தள்ளிட்டு வருவாவ, வந்து கையைப் பிடிப்பாவ, அப்ப ஒரு பாட்டம் கத்தித் தீத்துக்கிடலாம்னு இருந்தேன். தள்ளினா தொறக்கிற கதவும்மா அது! ஊருல இருக்கிறவ எல்லாம் தள்ளிட்டு வாறா. அவிய தள்ளல. இன்னொரு தடவை கூப்பிடவும் இல்ல. அப்புறம் சேலை சரசரன்னு கேட்டுது. படியில உக்காந்துட்டாவ. திரும்பிப் பாத்தா கதவு இடுக்குல முதுகு தெரியுது, நல்ல பட்டுச்சேலை, வெறும் படியில. அந்தப் பக்கம் அவிய, இந்தப் பக்கம் நான். வேன்காரன் ஆரன் அடிக்கான், அடிக்கான், எந்திரிக்கல. ஐயரே வந்து கூப்பிட்ட பெறகுதான் எந்திரிச்சாவ. “போய்ட்டு வாரேன் அக்கா”ன்னு கதவுகிட்டச் சொல்லிட்டுப் போயிட்டாவ.

எம் முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை சொன்னாவளா? நான் சொன்னேன்ல?

இதைத்தான் போய்க் கேக்கணும். தொறந்து கிடந்த கதவை ஏம்மா தள்ளலைன்னு கேக்கணும். இந்தத் தாழ்ப்பாளையும் குடுத்துரணும். குருமனைக்குப் புது ஐயர் வந்து புதுத் தாழ்ப்பாள் போட்டாச்சு. பழசை இரும்புக் கடைக்காரன் கேட்டான், குடுக்க மனசு வரல. அன்னப்பழத்துக்கிட்ட கண்ணாஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். அவளும் கூட வாரேன்னா. கண்ணுல மருந்து ஊத்தினா நாள் முழுக்க உக்கார வைப்பாங்கன்னு சொல்லித் தப்பிச்சேன். வேதபுத்தகத்தை எடுத்தா சந்தேகம் வரும்னு அதையும் எடுக்கல. இரும்பும் ரெண்டு கருப்பட்டியும்தான் கொண்டு போறேன். வாழ்க்கையில முதல் தடவையா வெறுங்கையோட ஒரு வீட்டுக்குப் போறேன்.

போன் பண்ணிச் சொல்லலம்மா. சொன்னா வாங்கம்பாவ, அது அவிய குணம். நான் திடுதிப்புன்னுதான் போறேன். இந்த மத்தியான நேரத்துல கதவு சாத்திக் கிடந்தாலும் கிடக்கும். அங்க உள்ள கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கும்ல? உள்பக்கம் போட்டிருந்தாவன்னா?

ரோட்டோரம் மரமெல்லாம் மாறிட்டு, சத்திரம் வருது போல. கண்டக்டர் பாரு, வாயே தொறக்கல. அந்தப் பையைக் கொஞ்சம் தூக்கிக் குடும்மா. கனமாத்தான் இருக்கும், பாத்து. ஒம் பேரு என்னன்னு கேக்கவே இல்ல பாரு, வாய் ஓயாம நானே பேசிட்டேன். என்னது? நல்ல பேரு.

நீ கேட்டது சரிதான். கதவு தாழ் போட்டிருந்தா என்ன செய்வேன்? எனக்கும் வழி நெடுக அதே யோசனைதான். முந்தி ஒரு தடவை தட்டிட்டுப் போயிட்டேன். இன்னொரு தடவை இடிச்சிப் பேத்துட்டேன். இந்தத் தடவை படியில உக்காந்துக்கிடுவேன். நான் வந்திருக்கேன்னு ஒரே ஒரு குரல் குடுப்பேன், அவ்வளவுதான். அவியளுக்கு எப்பத் தொறக்கணும்னு தோணுதோ அப்பத் தொறக்கட்டும். சாயங்கால பஸ்ஸு போனா போகட்டும். தட்டவும் மாட்டேன். எந்திரிச்சிப் போகவும் மாட்டேன்.